சீடர் என்பது குருமாருக்கு மட்டும் அல்ல

"சீடராக வாழ்வதெல்லாம் சாமியாருக்கும் பாஸ்டருக்கும்தான். நம்மைப் போன்ற விவசாயக் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய், வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கு நடந்தால் போதும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை, அண்ணா.

லூக்கா 9:23-ஐப் பாருங்கள். தன்னை வெறுத்து, தினமும் சிலுவையை எடுத்துக்கொண்டு பின்பற்றச் சொன்னதை இயேசு எல்லாரிடமும் சொன்னார், பன்னிரண்டு பேரிடம் மட்டுமல்ல. அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பா ஊர் தபீத்தாளையும் சீடர் என்றே வேதம் சொல்கிறது. அவர் விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தவர். பிரசங்கம் செய்ததாக ஒரு வரிகூட இல்லை.

வேளாங்கண்ணிக்கு நடப்பதை நான் குறை சொல்லவில்லை, பக்தியோடு நடப்பவர்களை மதிக்கிறேன். ஆனால் அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு 5:4. நம் டெல்டாவுக்கு இதைவிட நேரான வசனம் எது? குறுவையோ சம்பாவோ, நட்டவருக்கும் அறுத்தவருக்கும் கூலியை அன்றன்றே கொடுப்பது, வாய்க்காலில் கடைமடைக்காரருக்கும் தண்ணீர் விடுவது, வரப்புத் தகராறில் பகையாகிப்போன பங்காளியிடம் முதலில் போய்ப் பேசுவது, இதெல்லாம் சீடரின் வேலைதான். அப்புறம், மத்தேயு 5:23-24-இல் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று சொன்னவரும் இயேசுதான்.