டோங்லியாங் புகைபோக்கியும் என் தங்கையின் ஜன்னலும்

என் தங்கைக்கு இது ஏழாவது மாதம். போன வாரம் வளைகாப்பு. வந்தவர்கள் ஆளுக்கொரு அறிவுரை சொன்னார்கள். குங்குமப்பூ சாப்பிடு, பப்பாளி வேண்டாம், கிரகணத்தன்று வெளியே தலை காட்டாதே. இந்தத் தடவை புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது: "மெயின் ரோடு பக்கம் ஜன்னலைத் திறக்காதே, புகை குழந்தையோட மூளைக்கு ஆகாது." சொன்னது உண்மைதான். ஆனால் அன்று ராத்திரி அவள் என்னிடம், "அண்ணா, ஜன்னலைச் சாத்தினா போதுமா?" என்று கேட்டபோது எனக்கு மனசே கேட்கவில்லை. புகை விடுகிறவர்களை விட்டுவிட்டு, வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவளிடம் போய்ப் பொறுப்பை வைத்துவிட்டோம்.

சீனாவில் சோங்சிங் பக்கம் டோங்லியாங் என்றொரு ஊர். ஊருக்குள்ளேயே ஒரு அனல் மின் நிலையம் இருந்தது. நீர் மின்சாரம் போதாத டிசம்பர் முதல் மே வரை நிலக்கரியை எரிப்பார்கள், புகையை வடிகட்ட நவீன வசதி எதுவும் கிடையாது. நிலக்கரி எரியும்போது வரும் சில ஹைட்ரோகார்பன் நச்சுகள் தாயின் மூச்சில் போய், ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியையும் தாண்டி, குழந்தையின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைப் பிறந்த அன்றைக்கே தொப்புள்கொடி ரத்தத்தில் அளந்துவிடலாம். 2002இல் அங்கே பிறந்த குழந்தைகளிடம் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழுவும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து இதை அளந்தார்கள். இரண்டு வயதில் சோதித்தபோது, அந்த ஒட்டல் அதிகமாக இருந்த பிள்ளைகள் வளர்ச்சியில், முக்கியமாகக் கை கால் இயக்கத்தில், பின்தங்கியிருந்தார்கள்.

2004 மே மாதம் அரசு அந்த நிலையத்தை மூடியது. 2005இல் பிறந்த குழந்தைகளை அதே மாதிரி அளந்தார்கள். தொப்புள்கொடி ரத்தத்தில் அந்த ஒட்டல் குறைந்திருந்தது, இரண்டு வயதுச் சோதனையில், ஒட்டலுக்கும் வளர்ச்சி பின்தங்குவதற்கும் முன்பு தெரிந்த தொடர்பு இல்லை. அதோடு, மூளை நரம்புகள் வளர உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதமும் முந்தைய குழந்தைகளைவிடக் கூடுதலாக இருந்தது. இரண்டு குழுவிலும் நூற்றுச் சொச்சம் குழந்தைகள்தான், சின்ன ஆய்வுதான். இருந்தாலும் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு புகைபோக்கி அணைந்ததன் பலன் அடுத்த ஆண்டே பிறந்த பிள்ளைகளின் ரத்தத்தில் தெரிகிறது!

இதே கொலம்பியா குழு நியூயார்க்கின் ஹார்லெம், பிராங்ஸ் பகுதிகளில், புகைபிடிக்காத கர்ப்பிணிகளின் முதுகில் காற்றை அளக்கும் கருவி வைத்த ஒரு பையை மாட்டி, இரண்டு நாள் அவர்கள் போகிற இடமெல்லாம் சுமக்க வைத்தது. 2009இல் முடிவு வந்தது. அந்த நச்சை அதிகமாகச் சுவாசித்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு 5 வயதில் ஐக்யூ சராசரியாக 4 புள்ளிக்குக் கொஞ்சம் மேலேயே குறைவு. தாயின் அறிவுத்திறன், வீட்டுச் சூழல் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். நாலு புள்ளி ஒரு பிள்ளையிடம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் ஒரு நகரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் நாலு நாலாகக் குறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 2022இல் பெல்ஜியம், ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் இன்னும் பிறக்காத கருவின் மூளையிலேயே கரித்துகளைக் கண்டார்கள். முதல் மூச்சு விடுவதற்கு முன்னாலேயே!

சரி, நம் கதைக்கு வருவோம். காற்றில் நுண்துகள் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியச் சட்டம் அனுமதிப்பது 40. அனல் மின் நிலையங்கள் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2015இல் விதி போட்டு 2017 வரை கெடு கொடுத்தார்கள். அந்தக் கெடுவைத் தள்ளித் தள்ளி, கடைசியில் 2025இல் பெரும்பாலான நிலையங்களுக்கு அதற்கான கருவியே கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கந்தகப் புகைதான் காற்றில் நுண்துகளாக மாறுகிறது. அதற்குத் தடுப்பாக என் தங்கையிடம் இருப்பது ஒரு ஜன்னல் கதவு. புழுக்கத்தில் அதையும் எத்தனை மணி நேரம் சாத்தி வைப்பாள்?

தமிழ்நாட்டில் கர்ப்பம் உறுதியானதும் செவிலியர் பெயரைப் பதிந்து பிக்மி எண் கொடுத்துவிடுகிறார். எந்தத் தெருவில் யார் எத்தனையாவது மாதம் என்பது அரசுக்குத் தெரியும். காற்றை அளக்கும் நிலையங்களும் அரசிடமே இருக்கின்றன. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. எண்ணூரிலோ தூத்துக்குடியிலோ ஒரு ஆலையை விரிவாக்கக் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டால், எத்தனை பேருக்கு வேலை என்று சொல்கிற அதே மேடையில், சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கு எத்தனை கர்ப்பிணிகள் இருக்கிறார்கள் என்பதையும் படிக்கட்டும்.