எங்கள் மிஷன் சங்கத்தின் பெயரில் எந்தச் சொல் போகலாம்?

பிற பகுதிகளுக்குக் கிறிஸ்தவ ஊழியர்களை அனுப்பும் எங்கள் சங்கத்தின் பெயரை மாற்றும் தீர்மானம் அடுத்த மாதப் பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது. இப்போதைய பெயரில் ‘தமிழ்’, ‘சுவிசேஷ’, ‘மிஷன்’ என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. மூன்றையும் எடுத்துவிட்டு, ‘அறக்கட்டளை’ என்று முடியும் பொதுவான பெயர் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைத்திருக்கிறது. 22 ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கும் நான் ‘தமிழ்’ என்ற சொல்லை எடுப்பதை ஆதரிக்கிறேன். ‘மிஷன்’ என்ற சொல்லை எடுப்பதை எதிர்க்கிறேன். கூட்டத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடந்தான் தருவார்கள் என்பதால் காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

பெங்களூரில் எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. ஆலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் இது. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு அடுக்களையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்பவுடர் டப்பா இருக்கும். அம்மா உலைக்கு அரிசி களையும் முன் ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிடுவார். மாதக் கடைசி ஜெபக்கூட்டத்தில் எல்லா வீட்டு அரிசியையும் அளந்து விற்று, அந்தப் பணத்தை ஊழியர்களுக்கு அனுப்புவார்கள். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தில் ‘மிஷன் அரிசி’ என்று அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. சங்கத்தின் முழுப்பெயர் எங்களுக்கு அப்போது தெரியாது. சம்பளத் தேதிக்கு முந்தைய நாட்களில் எங்கள் தட்டில் சோறு குறைந்தாலும் குறையுமே தவிர, அந்தப் பிடி மட்டும் குறையாது என்பது தெரியும்.

‘தமிழ்’ என்ற சொல்லை எடுக்கலாம் என்று நான் சொல்வது எளிதாக வந்த முடிவு அன்று. அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால், 2009 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்படும் வரை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்ததைப் பார்த்த ஊரில் வாழ்கிறவர்கள் நாங்கள். அச்சத்தால் இந்தச் சொல்லை எடுக்கச் சொன்னால் நானே முதலில் எழுந்து நின்று மறுப்பேன். என் காரணம் வேறு. வடகர்நாடகத்தில் லம்பாணி மக்கள் வாழும் தாண்டாக்களில்தான் இன்று எங்கள் பணித்தளங்கள் இருக்கின்றன. ஊழியர்களில் பெரும்பாலானவர்கள் அந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். சென்ற ஆண்டு மாநாட்டில் அவர்களில் ஒருவர் சங்கத்தின் ரசீதுப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, “அண்ணா, காணிக்கை கொடுப்பவர் லம்பாணி, வாங்கி எழுதும் நானும் லம்பாணி. மேலே இருக்கும் இந்தத் ‘தமிழ்’ யார்?” என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. பத்து ஆண்டுகளாக எங்களோடு உழைக்கும் ஒருவர் தன்னை விருந்தாளியாக உணர்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதில் நம் முன்னோர்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். பின்னாளில் பிஷப்பான வி. எஸ். அசரியாவும் அவருடைய தோழர்களும் 1903-இல் திருநெல்வேலியில் ஒரு சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். தொடங்கியவர்கள் தமிழர்கள், செலவுக்குப் பணம் கொடுத்தவர்களும் தமிழர்கள்; ஆனாலும் சங்கத்துக்கு அவர்கள் வைத்த பெயர் இந்திய மிஷனெரி சங்கம். மிஷனெரி என்றாலே வெள்ளைக்காரர் என்றிருந்த காலத்தில், அந்தச் சொல்லை ஒதுக்கிவிடாமல் அதற்கு முன்னால் ‘இந்திய’ என்று எழுதியதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

‘சுவிசேஷ’ என்ற சொல்லைப் பற்றி எனக்குப் பெரிய வழக்கு இல்லை. நற்செய்தி என்று எழுதினாலும் சரி, கன்னடத்தில் உள்ளபடி சுவார்த்தை என்று எழுதினாலும் சரி, பொருள் நின்றால் போதும்.

‘மிஷன்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்கிறவர்களின் கவலை உண்மையானது. அந்தப் பெயருள்ள லெட்டர்பேடைக் காட்டியதும் வீட்டு உரிமையாளர் முகம் மாறியதை எங்கள் ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2022-இல் கர்நாடகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்த பிறகு அந்த அச்சம் கூடியது. பெங்களூரில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் நான் அதைச் சிறிதாகப் பேசக் கூடாது. ஆனால் நம்மைப் பற்றிப் பேசப்படும் மிகக் கடுமையான குற்றச்சாட்டே, ஒரு பெயரில் வந்து வேறொரு வேலை செய்கிறார்கள் என்பதுதானே? பெயரை மறைத்துக்கொண்டு போனால் அந்தக் குற்றச்சாட்டை நாமே உண்மையாக்கிவிடுவோம். நாம் யார் என்பது தாண்டாவில் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பாடுகிறோம், திங்கட்கிழமை மாலை பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம், இரண்டையும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பெயர் மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. தொழுநோயாளிகளிடையே பணியாற்ற 1874-இல் தொடங்கிய சங்கத்தின் பெயர், தமிழில் சொன்னால், ‘குஷ்டரோகிகளுக்கான மிஷன்’ என்ற பொருளில் இருந்தது. நோயால் மனிதரைச் சுட்டுவது அவர்களை இழிவுபடுத்துகிறது என்று உணர்ந்து 1965-இல் அதை லெப்ரசி மிஷன் என்று மாற்றினார்கள். நோயாளியைப் புண்படுத்திய சொல்லை எடுத்தார்கள்; மிஷன் என்ற சொல்லை எடுக்கவில்லை. சீனாவை விட்டு வெளியேற நேர்ந்த சைனா இன்லண்ட் மிஷனும் 1964-இல் ஓவர்சீஸ் மிஷனெரி ஃபெலோஷிப் ஆனது. இனித் தாங்கள் இல்லாத நாட்டின் பெயரைத்தான் விட்டார்கள்.

மறுபக்கம் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1701-இல் லண்டனில் தொடங்கி, திருநெல்வேலியிலும் ஊழியம் செய்த எஸ்.பி.ஜி. (தமிழில் சொன்னால், சுவிசேஷத்தைப் பரப்பும் சங்கம்) என்ற சங்கத்தைத் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1965 முதல் யு.எஸ்.பி.ஜி. என்று வழங்கிய அந்தச் சங்கம், 2012-இல் சுவிசேஷம் என்ற சொல்லே இல்லாத ‘அஸ்’ (Us) என்ற சிறிய பெயரை வைத்துக்கொண்டது. நான்கே ஆண்டுகளில், 2016-இல், யு.எஸ்.பி.ஜி. என்ற பெயருக்கே திரும்பினார்கள். அதன் விரிவிலும் சுவிசேஷம் என்ற சொல் திரும்பி வந்தது. முந்நூறு ஆண்டுப் பழக்கமுள்ள அவர்களுக்கே அப்படி என்றால், பிடி அரிசியில் வளர்ந்த நாம் லெட்டர்பேடை அச்சடிக்கக் கொடுக்கும் முன் இன்னும் ஒருமுறை யோசிக்கலாம்.

இரண்டு திருத்தங்களை எழுத்தில் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மூன்று சொற்களையும் ஒரே தீர்மானத்தில் வைக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது ஒன்று. புதிய பெயரை முடிவுசெய்யும் குழுவில் பாதிப் பேராவது தாண்டா ஊழியர்களாக இருக்க வேண்டும், அவர்களுக்குப் புரியும்படி அந்தக் கூட்டம் கன்னடத்தில் நடக்க வேண்டும் என்பது மற்றொன்று. ரசீதுப் புத்தகத்தை நீட்டிக் கேட்ட அந்தத் தம்பியின் பெயரை, அவரிடம் கேட்டுக்கொண்டு, குழுவுக்கு நானே முன்மொழிந்திருக்கிறேன்.