கட்டுநாயக்கவுக்கு முன்னால் உள்ள பயணம்

கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை 2013இல் திறக்கப்பட்டதிலிருந்து விமான நிலையம் எல்லோருக்கும் கிட்டிவிட்டதாகவே பேசப்படுகிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கு அது உண்மைதான். ஆனால் மலையகத்து அட்டனிலிருந்து புறப்படுகிறவர்களின் சிரமம் அந்த நெடுஞ்சாலையின் 25.8 கிலோமீற்றரில் இல்லை. கினிகத்தேனை வளைவுகளிலும், மழை பிடித்தால் மண் சரியுமோ என்று அஞ்சிக்கொண்டே கடக்க வேண்டிய கித்துல்கலைப் பாதையிலும், அவிசாவளை வரையான நெரிசலிலும் இருக்கிறது.

தேயிலைத் தோட்டங்களிலிருந்து அதிகமாக விமானம் ஏறுகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களும் இளைஞர்களும்தான். அந்த விமானங்களில் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் புறப்படுகின்றன. மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே அங்கே நிற்க வேண்டும். கொழும்புக்கு பஸ்ஸில் போய், கோட்டையில் இறங்கி, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு 187ஆம் இலக்க பஸ்ஸைப் பிடிப்பது, முதன்முறையாக நாட்டை விட்டுப் போகிற ஒருவருக்குச் சாதாரணக் காரியம் அல்ல. ஆகவே வேன் பிடிக்கிறார்கள். வெறும் வண்டியாகத் திரும்பும் தூரத்துக்கும் சேர்த்தே வாடகை கேட்கப்படுவதால், முதல் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே தோடும் சங்கிலியும் அடகுக்குப் போய்விடுகின்றன.

ரயிலை நம்பலாம் என்றால், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் பாதையைப் பல இடங்களில் சிதைத்துவிட்டுப் போனதை எல்லோரும் பார்த்தோம். பதுளைப் பக்கத்தவர்களுக்கு மத்தளை விமான நிலையம் கிட்டத்தான். விமானங்கள் வந்தால் அல்லவா போகலாம்.

வெளிநாட்டில் உழைப்பவர்கள் 2024இல் மட்டும் இந்த நாட்டுக்கு 650 கோடி டொலருக்கு மேல் அனுப்பியிருக்கிறார்கள். புறப்படுவதற்கு முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுக் கட்டணமும் கட்டுகிறார்கள். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கொண்டு, அட்டன், நுவரெலியா, பதுளை ஆகிய ஊர்களிலிருந்து விமான நேரங்களுக்கு ஏற்றபடி, முனைய வாசல் வரை செல்லும் அரச பஸ் சேவையை நடத்துவது பெரிய காரியம் அல்ல என்பதே என் கருத்து. இன்னொரு நெடுஞ்சாலைக்கு அடிக்கல் நாட்டுவதைவிட இது மலிவானது.

திரும்பி வரும் வழிக்கு இந்தச் சேவை இன்னும் அவசியம். இரண்டு வருடம் உழைத்துவிட்டு நள்ளிரவில் தனியாக வந்திறங்கும் ஒரு பெண், வாசலில் சூழ்ந்துகொள்ளும் டாக்சிக்காரர்களிடம் பேரம் பேச வேண்டியிருக்கிறது. தமிழில் பலகை மாட்டிய பஸ் ஒன்று அங்கே நின்றால், பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு அவர் நேராக ஊருக்கு வந்துவிடுவார்.