லாட்டரி மானியத்துக்கு முகவர் எதற்கு?

ஒரு அண்ணா தன் பதிவில், "இங்கிலாந்தில் நேஷனல் லாட்டரியின் 'அவார்ட்ஸ் ஃபார் ஆல்' (சமூகப் பணிகளுக்கான) மானியம் யார் கேட்டாலும் 20,000 பவுண்டு கிடைக்கும், பதிவு பெற்ற அறக்கட்டளை மட்டும் வேண்டும், விண்ணப்பிக்க முகவர் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறார். மூன்றுமே சரியில்லை.

300 முதல் 20,000 பவுண்டு வரை கேட்கலாம். 20,000 என்பது உச்சவரம்பு, எல்லோருக்கும் கிடைக்கும் தொகை அல்ல. தனிநபருக்குக் கிடையாது, அமைப்புக்குத்தான். அதற்காக அறக்கட்டளையாகப் பதிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. எழுதி வைத்த யாப்பு (சங்கத்தின் விதிமுறைகள்) இருக்கிற சின்னச் சங்கமே போதும்.

பலரும் சறுக்குவது வேறு இடத்தில். நிர்வாகக் குழுவில் ஒருவருக்கொருவர் உறவுக்காரர் அல்லாத இரண்டு பேராவது இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும், கையெழுத்திடும் இருவரும் உறவினராக இருக்கக் கூடாது. நம் சங்கங்களில் தலைவர் கணவர், பொருளாளர் மனைவி என்று கணக்கை நடத்துவது வழக்கம்தானே, அது இங்கே எடுபடாது.

கோயிலும் விண்ணப்பிக்கலாம். முதியவர்களுக்குக் கணினி வகுப்பு, எல்லோருக்கும் திறந்த காய்கறித் தோட்டம் என்றால் பரிசீலிப்பார்கள். திருவிழாச் செலவுக்குத் தர மாட்டார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்ட மடிக்கணினிக்குப் பின்னால் காசு கேட்கவும் முடியாது.

அப்புறம், விண்ணப்பம் இலவசம், இணையத்திலேயே போடலாம். முகவருக்குக் கட்டணம் கொடுக்காதீர்கள்.