மைக்கா முகம் மேலேயா கீழேயா என்பது ரம்பத்தைப் பொறுத்தது

மைக்கா ஒட்டிய பிளைவுட்டை எந்த ரம்பத்தில் அறுத்தாலும் நல்ல முகம் மேலே இருந்தால் பிசிறு வராது என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதை ஆமோதித்திருக்கிறார்கள். டேபிள் சாவுக்கு, அதாவது பிளேடு மேசைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் ரம்பத்துக்கு, அது சரி. கையில் பிடித்து ஓட்டும் சர்குலர் சாவுக்கு நேர் எதிர், நல்ல முகம் கீழேதான் இருக்க வேண்டும்.

காரணம் பல் சுற்றும் திசை. டேபிள் சாவில் பலகையை நம் பக்கத்திலிருந்து தள்ளுகிறோம், அங்கே பல் மேலிருந்து கீழாக இறங்குவதால் சில்லு அடிமுகத்தில் தெறிக்கும். சர்குலர் சாவிலோ பல் அடியில் நுழைந்து மேலே ஏறி வெளியேறுகிறது, பல் வெளியே வரும் முகம்தான் பிய்யும். (குறுகிய பிளேடு மேலும் கீழும் ஓடும் ஜிக்சா ரம்பத்தின் சாதாரண பிளேடும் மேல்நோக்கி இழுத்துத்தான் அறுக்கும்.)

நம்பச் சொல்லவில்லை, பார்த்துவிடலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு பிளேடில் போட்டிருக்கும் அம்புக்குறியையும் பல்லின் முனை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் பாருங்கள். அப்புறம் இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டிய ஒரு துண்டை எடுத்து, சர்குலர் சாவில் ஒரு வெட்டு, டேபிள் சா இருந்தால் அதில் ஒரு வெட்டு போட்டு, இரண்டு முகங்களின் ஓரத்தையும் விரலை ஓட்டாமல் கண்ணால் ஒப்பிடுங்கள், மைக்கா சில்லு கிழித்துவிடும்.