பிள்ளைகளின் நாடகத்துக்கு எதற்கு ஒலிப்பதிவு?

பள்ளி ஆண்டு விழாக் காலம் வந்துவிட்டால் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு நல்ல வியாபாரம். நாடக வசனம் முழுவதையும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுகிறார்கள். ராஜாவுக்குப் பாட்டு ஆசிரியரின் குரல், ராணிக்கு எட்டாம் வகுப்பு அக்காவின் குரல். மேடையில் நிற்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாயசைத்தால் போதும். "ஒரு தப்பு வராது சார்" என்று பெருமையும் பேசுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தப்பே வராது என்றால் அங்கே பிள்ளைகளுக்கு என்ன வேலை?

உறவினர் ஒருவர் பணியாற்றும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், சிங்கமும் முயலும் கதையைப் பிள்ளைகள் வகுப்பறையிலேயே நடித்தார்கள். சணல் பிடரி கட்டிய சிங்கம், முயலைக் கண்டதும் வசனத்தை மறந்து விழித்தது. முயலாக வந்த சிறுமி கொஞ்சமும் அசரவில்லை. "கோபத்தில் பேச்சே வரவில்லையா ராஜா? ஏன் தாமதம் என்று கேட்க மாட்டீர்களா?" என்றாள். சிங்கம் உடனே கர்ஜித்தது. அந்த வரி யாருடைய தாளிலும் கிடையாது. கூட்டாளி தடுமாறுகிறான், அவனைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது, கதை அறுந்துபோகவும் கூடாது என்று ஏழெட்டு வயதில் ஒரு பிள்ளைக்குத் தோன்றுகிறதே, அதைக் கற்றுத்தர நம் கால அட்டவணையில் வேறு எந்தப் பாடவேளை இருக்கிறது? ஒலிப்பதிவு ஓடியிருந்தால் அது சிங்கத்துக்காக நின்றிருக்காது. முயலும் உதவியிருக்க முடியாது.

சிறுவர்களே நாடகம் போட்ட மரபு நமக்குப் புதிதல்ல. 1918-ல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய சிறுவர் நாடகக் குழுவான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில், பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் ஆறு வயதில் சேர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடவும் பேசவும் வேண்டும். குரல் உடையும் வயதில் 'மகரக்கட்டு' வந்துவிட்டால் கிடைத்த வேடமும் போய்விடும். பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட அந்தச் சிறுவர் நாடகக் குழுக்களைப் புகழ நான் வரவில்லை. அடியும், வீட்டைப் பிரிந்த ஏக்கமுமாக வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் அங்கேகூட அவரவர் குரலில்தான் பேசினார்கள்.

குரலை விடுங்கள், வேடம் பிரிக்கும் லட்சணத்தைப் பாருங்கள். முதல் ரேங்க் பிள்ளைக்கு ராஜா. சிவப்பாக இருக்கும் பிள்ளைக்குப் பாரதமாதா. கறுப்பாக, கொஞ்சம் பருமனாக இருந்தால் அரக்கன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை மரமாக நிற்க வேண்டும், அதுவும் நாடகம் முடியும்வரை. பிள்ளைகளிடமே விட்டால் மிமிக்ரி செய்கிறவனும், சண்டையில் விழுந்து புரளத் தெரிந்தவளும் முதலில் எழுந்து வருவார்கள். அவர்களில் பலர் மதிப்பெண் பட்டியலின் அடியில் இருப்பவர்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவை வரவேற்கிறேன். நாடகம் அதில் ஒரு போட்டி. கிராமத்துப் பிள்ளை வட்டாரம், மாவட்டம் தாண்டி மாநில மேடைவரை போக ஒரு வழி பிறந்திருக்கிறது. கலையரசன், கலையரசி விருதுகளும் உண்டு. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் எந்தப் பள்ளியும் நன்றாக நடிப்பவர்களைப் பொறுக்கித்தான் அனுப்பும். மிச்சப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதனால்தான் பரிசும் நடுவரும் இல்லாத வகுப்பறை நாடகம் தனியாக வேண்டும் என்கிறேன். அதே கதையை அடுத்த வாரம் வேடம் மாற்றி நடிக்கட்டும். இந்த வாரத்து அரக்கன் அடுத்த வாரம் ராஜா.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கதை எதுவாக இருந்தாலும் கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று "மரம் வளர்ப்போம்!" என்று கத்தும் வழக்கத்துக்கு யாராவது ஒரு சுற்றறிக்கை போட்டுத் தடை விதித்தால் புண்ணியமாகப் போகும்.

பிள்ளைகள் சொந்தக் குரலில் பேசினால் பின்வரிசைக்குக் கேட்காது என்பதுதான் பள்ளிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல மைக்குகளையே வாடகைக்கு எடுக்கலாம். அதுவும் முடியாது என்றால், பெற்றோர் முன்னால் வந்து தரையில் உட்காரட்டும். சிறப்பு விருந்தினர்களுக்குப் போடும் சோபாக்களை ஓரமாகத் தள்ளினாலே பாதிப் பேருக்கு இடம் கிடைத்துவிடும்.