படித்துச் சொல்ல ஒரு ஆள்

கதை எழுதுகிறவர்களுக்குத் தமிழில் சால்வைக்குப் பஞ்சமில்லை. வெளியீட்டு விழா நடக்கிறது, விருது தருகிறார்கள், முகநூலில் நூறு பேர் 'அருமை' போடுகிறார்கள். ஆனால் கதை அச்சுக்குப் போவதற்கு முன்னால் அதை முழுசாகப் படித்து, 'இந்த இடத்தில் எனக்குப் பிடி விட்டுப்போச்சு' என்று சொல்ல ஒரு ஆள் கிடைப்பதில்லை. அப்படி ஒரு ஆள் கிடைத்தவர் தேறிவிடுகிறார். கிடைக்காதவர் மூன்று தொகுப்பு போட்ட பிறகும் முதல் தொகுப்பில் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

எங்கள் ஊரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதை வாசிக்கக் கூடுகிறோம். சந்தா, தலைவர், பொன்னாடை எதுவும் கிடையாது. கதையை முன்னாடியே அனுப்பிவிட வேண்டும், வருகிறவர்கள் படித்துவிட்டு வர வேண்டும். எழுதியவர் கடைசிவரை வாயைத் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதிதான் எங்கள் கூட்டத்தைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறேன். எழுதியவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் எல்லோரும் கதையை விட்டுவிட்டு விளக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். புத்தகம் வந்த பிறகு வாசகர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லவா முடியும்?

அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவர் பிரசவ வார்டுக் கதை ஒன்று கொண்டுவந்தார். மொழி நன்றாக இருந்தது. குழந்தை பிறந்ததும் தாய் ஆனந்தக் கண்ணீர் விட்டு, மழையைப் பார்த்து, தன் அம்மாவை நினைத்து ஒரு பக்கம் யோசிக்கிறாள். எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டினோம். எங்கள் கூட்டத்துக்கு வருகிற அக்கா ஒருவர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நான் பார்த்த பிள்ளை பெத்த பொண்ணுங்கள்ல பாதிப்பேருக்கு அந்த நேரத்தில் கை கால் வெடவெடன்னு நடுங்கும். கம்பளி கேட்பாங்க. அப்புறம், குழந்தைக்கு விரல் எல்லாம் சரியா இருக்கான்னு கேட்பாங்க." அவ்வளவுதான் சொன்னார், மாற்றி எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் அந்தக் கதை திரும்ப வந்தபோது மழை இல்லை, அம்மா நினைவு இல்லை. ஒரு பெண் நடுங்கிக்கொண்டே விரல்களை எண்ணச் சொல்கிறாள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அந்த அக்காவுக்கு இலக்கியக் கோட்பாடு ஒன்றும் தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் படிக்க ஆரம்பித்தவர். சக எழுத்தாளர்களின் உதவி என்றால் பெரிய விமர்சகரின் தீர்ப்பு என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். 'நான் யார் கருத்துச் சொல்ல?' என்கிறார்கள். எங்கே சுவாரசியம் குறைந்தது, எங்கே நம்ப முடியவில்லை, யார் பேசுகிறார்கள் என்று எங்கே குழம்பியது, இந்த மூன்றையும் பென்சிலால் ஓரத்தில் குறித்துக் கொடுத்தாலே போதும். 'இதை நான் எழுதியிருந்தால் எப்படி எழுதுவேன்' என்று கிளம்புவதுதான் ஆபத்து. அது உதவியே இல்லை.

நம் ஊரில் இதற்குப் பெரிய முன்மாதிரிகள் உண்டு. விமர்சகர் தி.க.சி. திருநெல்வேலி சுடலைமாடன் கோயில் தெரு வீட்டிலிருந்து முன்பின் தெரியாத இளைஞர்களுக்கெல்லாம் அஞ்சலட்டை எழுதிக்கொண்டே இருந்தார். ஏதோ ஒரு சிற்றிதழில் ஒரு கதை வந்திருக்கும், எழுதியவருக்கே அது வந்த விஷயம் அப்போதுதான் தெரிந்திருக்கும், அதற்குள் அட்டை வந்துவிடும். தாமரை இலக்கிய இதழின் ஆசிரியராக இருந்தபோது புதியவர்களைத் தேடிப்பிடித்துப் போட்டவர், 2014இல் மறையும்வரை அந்தப் பழக்கத்தை விடவில்லை. எழுத்தாளர் வல்லிக்கண்ணனும் அப்படித்தான். இருவருமே சாகித்ய அகாதமி விருது பெற்றவர்கள், அந்த உயரத்தில் இருந்துகொண்டுதான் முதல் கதை எழுதியவனுக்கும் பதில் போட்டார்கள். அந்த ஐம்பது காசு அட்டை தந்த தெம்பில் எத்தனை பேர் தொடர்ந்து கதை எழுதினார்கள் என்பதை அந்தத் தலைமுறை எழுத்தாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் பிறந்த கி.ரா.வும் (கி.ராஜநாராயணன்) கு.அழகிரிசாமியும் நண்பர்களாகப் பேசியும் கடிதம் எழுதியும் வந்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே சிறு கிராமத்திலிருந்து இப்படி இரண்டு பேர் வந்ததில் அந்தப் பேச்சுக்கும் கடிதங்களுக்கும் பங்கில்லை என்று என்னால் நம்ப முடியாது.

அஞ்சலட்டையில் கொஞ்சம் பாராட்டு எழுதினால் போதும். கைப்பிரதி படிக்க அதைவிட அதிக நேரம் வேண்டும். இங்கேதான் எனக்கு ஆதங்கம். கதை கொடுக்க இருபது பேர் இருந்தால் படித்துச் சொல்ல மூன்று பேர்தான் இருக்கிறார்கள், எப்போதும் அதே மூன்று பேர். இடம் கேட்டு நூலகருக்கு போன் போடுவதும் அவர்கள்தான், நாற்காலி அடுக்குவதும் அவர்கள்தான். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்றால் நவம்பரில் எல்லாக் கைப்பிரதியும் அவர்கள் தலையில் வந்து இறங்கும். 'அண்ணே, பத்து நாளில் பார்த்துக் கொடுங்க, பதிப்பாளர் அவசரப்படுத்துறார்.' முந்நூறு பக்க நாவல். அவர்களும் எழுதுகிறவர்கள்தானே? அவர்களுடைய பாதி நாவல் எத்தனை வருடமாகக் கணினியில் கிடக்கிறது என்று யாராவது கேட்டோமா? நன்றியுரையில் பெயர் போட்டுவிட்டால் கணக்கு தீர்ந்ததாக நினைக்கிறோம்.

என் கருத்து இதுதான். ஒரு கதையைப் படிக்கக் கொடுப்பவர் இரண்டு கதைகளைப் படித்துச் சொல்ல வேண்டும். கண்டிப்பாகவே வைக்கலாம். இதில் யாரையும் புண்படுத்த ஒன்றுமில்லை. அடுத்தவர் கதையில் எங்கே தொய்வு என்று குறித்துப் பழகியவருக்குத் தன் கதையின் தொய்வு தானாகத் தெரிய ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, கூட்ட நேரம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வைத்தால் எந்தப் பெண் வருவார்? அன்றைக்குத்தான் வீட்டில் கறி எடுப்பார்கள், சமையல் முடியவே ஒரு மணி ஆகும். மாலை ஆறுக்கு வைத்தால் திரும்பிப் போக பஸ் பிரச்சினை. மூன்று மணிக்கு மாற்றிய பிறகுதான் எங்கள் கூட்டத்தில் பெண்கள் தொடர்ந்து வர ஆரம்பித்தார்கள். 'பெண்கள் எழுத வருவதில்லை' என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் முதலில் கடிகாரத்தைப் பார்க்கட்டும்.

காசு விஷயத்திலும் ஒருவருக்கொருவர் துணை வேண்டும். சில பதிப்பாளர்கள் முதல் புத்தகம் போடுகிற பிள்ளைகளிடம் பணம் வாங்கிக்கொண்டு, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், எத்தனை பிரதி அச்சிட்டார்கள் என்றுகூடச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வழக்கமாகப் பத்து சதவீதம் ராயல்டி என்பதே பலருக்குத் தெரியாது. அனுபவப்பட்டவர் ஒருவர் அரைமணி நேரம் ஒதுக்கி, பணம் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்தால் போதும், ஒரு குடும்பத்தின் சேமிப்பு தப்பிக்கும்.

இந்த வருடம் கைப்பிரதி படிப்பதை நவம்பருக்கு முன்பே ஆரம்பித்துவிடலாம் என்று நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். படிக்க முன்வருகிறவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். மாதத்துக்கு எத்தனை பக்கம் முடியும் என்பதையும் எழுதுங்கள். பத்துப் பக்கம் என்றாலும் சரி. புதிதாகப் படிக்க ஆரம்பித்தவர்களும் தயங்க வேண்டாம். முதல் முறை அந்தச் செவிலியர் அக்கா கூடவே உட்கார்ந்து படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.